நொய்யல் ஆத்துல பயோசென்சர் நட்டா, ராத்திரி விடற சாயத்தண்ணியப் புடிச்சிரலாமா?

12 ஏப்ரல், இரவு 9:40 (கீழ்மடைத் தம்பி கேட்டது)

அக்கா, எங்க தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கெழக்க. நான் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படிக்கறேனுங்க. பாக்டீரியாவ ஒரு சின்ன டப்பாவுல உட்கார வெச்சு, தண்ணியில விஷம் வந்தா அதுவே சிக்னல் குடுக்கற பயோசென்சர் வந்திருச்சுன்னு படிச்சேன். அத நொய்யல்ல நாலஞ்சு எடத்துல நட்டு, சிம் கார்டு போட்டு, போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி பண்ணிட்டா, ராத்திரியில சாயத்தண்ணி விடறவங்களக் கையோட புடிச்சிரலாமுங்களா? மாசுக் கட்டுப்பாட்டு போர்டுக்காரங்க வந்து பாட்டில்ல தண்ணி எடுத்து, லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வர்றதுக்குள்ள அந்தத் தண்ணி காவேரியில போய்ச் சேர்ந்திருது. இதையே புராஜெக்டா பண்ணலாம்னு இருக்கேன்.

12 ஏப்ரல், இரவு 11:15

அது மட்டும் வெச்சாப் புடிக்க முடியாது தம்பி. திருப்பூர் தண்ணியில மொதல் குத்தம் உப்பு. உப்பக் கண்டுபுடிக்க பாக்டீரியா வேண்டியதில்ல, ரெண்டு தகடு போதும். விவரமாக் காலையில எழுதறேன்.

13 ஏப்ரல், காலை 6:30

சாயப்பட்டறைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எந்த சென்சர்ங்கறது தெரியும்.

பருத்தி பனியன் துணிக்குப் போடறது ரியாக்டிவ் சாயம். அது தானாப் போய் நூல்ல ஒட்டாது. உப்பப் போட்டுத் தள்ளணும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரைக்கும் போடுவாங்க. சாதா உப்பு, இல்லைன்னா கிளாபர் உப்புன்னு சொல்ற சோடியம் சல்பேட். பொறகு சோடா ஆஷ் போட்டு, 60 டிகிரி சூட்டுல ஓட்டினாத்தான் சாயம் நூலோட சேரும். அப்ப தண்ணியோட பிஎச் பத்தரை, பதினொன்னு, அதாவது நல்ல காரம். போட்ட சாயத்துல ஒரு பங்கு ஒட்டாம அப்பிடியே தண்ணியோட வெளிய வரும். உப்பு முழுசும் வெளிய வரும். துணி ஒரு கிராம் உப்பக்கூட வெச்சுக்கறதில்ல.

ஆக, சுத்திகரிக்காம விட்ட சாயத்தண்ணிக்கு அடையாளம் நாலு: உப்பு, சூடு, காரம், நிறம். நாலையும் பாக்கறதுக்கு சாதாரண மீட்டர் இருக்குது. உப்புக்கு மின்கடத்துதிறன் மீட்டர். நெலத்துல விடற கழிவுநீர்ல கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் தாண்டக் கூடாதுங்கறது விதி. மீட்டர்ல அது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 மைக்ரோசீமன்ஸ். சல்பேட் அதிகமா, குளோரைடு அதிகமாங்கறதப் பொறுத்து அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அதனால ஆத்துத் தண்ணியவே லேபுல காய்ச்சி எடை போட்டு, உங்க எடத்துக்குன்னு ஒரு காரணி எடுத்துக்கோணும். இன்னொண்ணு, தண்ணி ஒரு டிகிரி சூடேறினா கடத்துதிறன் சுமார் 2 சதம் ஏறும். சூட்டுக்குத் திருத்தாத மீட்டர் சித்திரை மத்தியானத்துல பொய் சொல்லும்.

என்னப் பத்தியும் சொல்லிடறேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்து லேப்ல வேலை பார்த்துட்டு இப்ப ஈரோட்டுல தண்ணிப் பரிசோதனை பண்றேன். பொறந்த ஊடு முத்தூர்ப் பக்கம். ஒரத்துப்பாளையம் அணை 1992ல வந்தப்ப எங்கய்யன் கெழக்கால காடெல்லாம் தோட்டமாயிரும்னு வெச்சிருந்த நம்பிக்கை எனக்குத் தெரியும். அந்த அணை பாசனத்துக்குத் தேக்கின தண்ணி சாயத்தண்ணியா ஆனதும் தெரியும். அதனால இத நான் சும்மா பொழுதுபோக்காப் பேசல.

13 ஏப்ரல், மதியம் 1:05

"அப்ப பயோசென்சரே வேண்டாமுங்களா?"ன்னு தம்பி கேட்டிருக்கார். வேணும். எதுக்குங்கறதுதான் கேள்வி.

மீட்டர் நாம கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். உப்பு எவ்வளவுன்னு கேட்டா உப்பு. யாராவது ஒரு லாரி ஆசிடு கழுவுன தண்ணிய, பிளீச்சிங் தொட்டித் தண்ணிய, பூச்சிமருந்து டிரம் கழுவுனத ஓடையில ஊத்தினா, உப்பு மீட்டர்ல அது சரியாத் தெரியாமப் போகலாம். உயிருள்ள சென்சர் வேற மாதிரி. அதுக்கு எந்த மருந்துன்னு தெரியாது. ஆனா இந்தத் தண்ணியில ஒரு உயிர் மூச்சு விட முடியல, இந்த நிமிஷத்துலங்கறது தெரியும். காட்டுச் சாளையில கட்டியிருக்கற நாய் திருடன் பேரச் சொல்லாது, குரைக்கும். எழுந்திரிச்சுப் போய் டார்ச் அடிச்சுப் பாக்கறது நம்ம வேலை.

14 ஏப்ரல், இரவு 10:20

ஆரம்பம் எங்கன்னு கேட்டவங்களுக்கு. லேலண்ட் கிளார்க்குன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, 1956ல ஆக்சிஜன அளக்கற மின்முனை கொண்டுவந்தார். 1962ல அதே முனைமேல ஒரு என்சைம ஒட்டவெச்சு சர்க்கரைய அளக்கலாம்னு காட்டினார். இன்னைக்கு ஊட்டுக்கு ஊடு இருக்கற சர்க்கரை மீட்டருக்கு அதுதான் மூலம். 1977ல ஜப்பான்ல கருபேயும் அவர்கூட இருந்தவங்களும் என்சைமுக்குப் பதிலா நுண்ணுயிரையே முனைமேல உட்கார வெச்சாங்க. தண்ணியில அழுகற பொருள் இருந்தா நுண்ணுயிர் தின்னும், தின்னா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா ஆக்சிஜன் கொறையும், கரண்டு மாறும். அதுதான் பிஓடி சென்சர். பிஓடின்னா, தண்ணியில இருக்கற அழுகற பொருளத் தின்ன நுண்ணுயிருக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேணுங்கற அளவு.

இதுல என்ன பெரிய விஷயம்னா நேரம். பிஓடி சோதனைக்கு உலகத்துல பல எடத்துல 20 டிகிரியில 5 நாள். நம்ம நாட்டுத் தரமுறைப்படி 27 டிகிரியில 3 நாள். வெள்ளிக்கிழமை எடுத்த தண்ணிக்கு திங்கக்கிழமைதான் பதில். பயோசென்சர் கால் மணி, அரை மணி நேரத்துல சொல்லிரும். ஜப்பான் 1990லயே இத அவங்க தேசியத் தரமுறையில சேர்த்துட்டாங்க.

இங்க ஒரு தடை இருக்குது. நொய்யல்ல கோடையில ஓடறது பெரும்பாலும் கோயமுத்தூரும் திருப்பூரும் விடற சாக்கடைத் தண்ணி. பிஓடி எப்பவும் ஒசரத்துலதான் நிக்கும். அதுலயும் காலையில எல்லார் ஊட்டுலயும் குளியல், துவையல் முடிஞ்சு கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு ஏத்தம். ராத்திரி ரெண்டு, மூணு மணிக்கு இறக்கம். பிஓடி கூடிருச்சுன்னு அலாரம் வெச்சா தெனமும் காலையில அடிக்கும். ஒரு வாரத்துல அந்த நம்பர மியூட்ல போட்டுருவீங்க. ஆக, அந்த எடத்தோட தெனசரித் தாளத்த மொதல்ல பதிவு பண்ணணும். கோடைக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு, ஞாயித்துக்கிழமைக்குத் தனியா ஒண்ணு. ராத்திரி இறக்கம் வரவேண்டிய நேரத்துல வராம இருந்தா, அது விசாரிக்க வேண்டிய விஷயம்.

16 ஏப்ரல், காலை 7:10

பெருந்துறையில இருந்து ஒருத்தர் எழுதியிருக்கார்: ஒளிவிடற பாக்டீரியா சோதனைதான் ஒலகம் பூரா ஏத்துக்கிட்டது, அதையே தானியங்கியா மாத்திட்டா ஆச்சேன்னு.

நல்ல சோதனைதான். அலிவிப்ரியோ பிஷெரின்னு ஒரு கடல் பாக்டீரியா. உயிரோட நல்லா இருந்தா நீலப்பச்சையா ஒளிவிடும். விஷம் பட்டா ஒளி மங்கும். 5, 15, 30 நிமிஷத்துல ஒளி எவ்வளவு மங்குச்சுன்னு அளந்தா, விஷம் எவ்வளவுன்னு சொல்லிரலாம். ஐஎஸ்ஓ 11348ங்கற தரமுறை இதுக்குத்தான்.

ஆனா நம்ம ஊருக்கு மூணு சிக்கல். அது கடல் உயிர்ங்கறதால ஆத்துத் தண்ணியில 2 சதம் உப்பு சேர்த்துத்தான் சோதிக்கணும். தண்ணியில எவ்வளவு உப்பு ஏற்கெனவே இருக்குதுன்னு பாக்காம சேர்த்தா கணக்கு தப்பும். ரெண்டாவது, சோதனை 15 டிகிரியில நடக்கணும். சித்திரை மாசத்துல திருப்பூர்ல ஒரு தகரப் பொட்டிக்குள்ள 15 டிகிரி வெக்கறதுக்கு, சென்சர விட பிரிட்ஜுக்குத்தான் கரண்டு அதிகமாகும். மூணாவதுதான் முக்கியம்: சாயம். சிவப்பாவோ காப்பி நிறத்துலயோ தண்ணி வந்தா, பாக்டீரியா நல்லா இருந்தாலும் அந்த ஒளிய சாயமே குடிச்சிரும். கருவி "விஷம்"ங்கும். நெஜத்துல நிறம். லேபுல இதுக்கு நிறத் திருத்தம்னு தனியா ஒரு வேலை பண்ணுவோம். ஆத்துக்கரையில ஆள் இல்லாத பொட்டிக்குள்ள அத நம்பகமாப் பண்றது கஷ்டம். பவானியில, சிறுமுகைக்கு மேக்க மாதிரி தெளிஞ்ச தண்ணியில இது வேலை செய்யும். திருப்பூருக்குக் கெழக்க நான் இத நட மாட்டேன்.

16 ஏப்ரல், இரவு 9:00

அப்ப எது? என் மனசுல இருக்கறது கரண்டு தர்ற பாக்டீரியா. சாக்கடைக் கசடுலயே இருக்குது. ஜியோபேக்டர் மாதிரி சில இனம், அழுகற பொருளத் தின்னுட்டு எலக்ட்ரான நேரா கார்பன் தகட்டுல எறக்கிரும். ரெண்டு தகடு, நடுவுல ஒரு தடுப்பு, வெளிய ஒரு ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டர் ரெண்டு பக்கமும் வர்ற மில்லிவோல்ட்டப் படிச்சாப் போதும். நிறம் எப்பிடி இருந்தாலும் கவலையில்ல. வெளிச்சம் வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம். தென் கொரியாவுல இப்பிடி ஒரு பிஓடி சென்சர அஞ்சு வருஷத்துக்கு மேல பெரிய பராமரிப்பு இல்லாம ஓட்டியிருக்காங்க. என்சைம் முனைன்னா அதுக்கு முன்னாடியே செத்துரும். இது உயிருங்கறதால தன்னத்தானே புதுப்பிச்சுக்கும்.

ஆனா ஒரு குழப்பம் இதுல உண்டு. கரண்டு கொறைஞ்சுதுன்னா விஷம் வந்துச்சா, சாப்பாடு கொறைஞ்சுதா? ரெண்டுக்கும் ஒரே மாதிரி கோடு இறங்கும். வழி இருக்குது. பாக்டீரியாவுக்குத் தனியா ஒரு சின்ன பம்ப் வெச்சு அசிடேட் கரைசல அளவா ஊட்டிக்கிட்டே இருக்கணும். வயிறு எப்பவும் நெறைஞ்சே இருந்தா, கோடு இறங்கறதுக்குப் பட்டினி காரணமாக முடியாது. தம்பி, உங்க புராஜெக்டுல இந்த ஊட்டற பம்ப் இல்லைன்னா மத்ததெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்ல.

19 ஏப்ரல், மாலை 5:45

எங்க நடறதுங்கறதப் பத்தி.

நடு ஆத்துல நடாதீங்க. ஆத்துக்குள்ள வந்து சேர்றப்பவே எல்லாம் கலந்து நீர்த்துப் போயிரும், யாரு விட்டதுன்னும் சொல்ல முடியாது. ஓடை ஆத்துல சேர்ற எடத்துக்குக் கொஞ்சம் மேல, பாலத்துக்கு அடியில நடணும். திருப்பூர்ல ஜம்மனை ஓடை, நல்லாறு மாதிரி. ஓடைக்கு ஒரு பொட்டி. அலாரம் அடிச்சா எந்த ஓடைன்னு தெரியும், ஓடையப் புடிச்சுக்கிட்டே மேல நடந்தா எந்தக் குழாய்ன்னு தெரியும்.

ஈரோட்டுலயும் அதே நியாயம். காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூத்தாண்டுல வெட்டினது. அதுல பாயற தண்ணிய நம்பித்தான் மஞ்சளும் வாழையும் நெல்லும். அதுக்குப் பக்கத்துலயே கழிவுத் தண்ணிக்குன்னு தனியா பேபி வாய்க்கால் கட்டியிருக்காங்க. பெரிய வாய்க்கால்ல ஒரு பொட்டி, பேபி வாய்க்கால்ல ஒரு பொட்டி. ரெண்டு கோடும் எந்த நேரத்துலயாவது ஒண்ணா ஏறினா, எங்கயோ கழிவு பெரிய வாய்க்காலுக்குத் தாண்டுதுன்னு அர்த்தம். தோல் பட்டறை குரோமியமும் அந்தப் பக்கந்தான், அதனால அங்க உயிர் சென்சருக்கு நொய்யல விட வேலை அதிகம்.

19 ஏப்ரல், இரவு 10:50

"ஆலைக்குள்ளயே ஆன்லைன் மீட்டர் வெச்சிருக்காங்களே, அது போதாதா?"ன்னு கேட்டிருக்கறவருக்கு.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில உத்தரவு போட்டுது. அதிகம் மாசு பண்ற 17 வகைத் தொழில் கழிவுநீரத் தொடர்ந்து அளந்து இணையத்துல அனுப்பணும்னு. கழிவே வெளிய விடக் கூடாதுங்கற ஆலைக்கு ஓட்ட மீட்டரும் கேமராவும். திருப்பூர்ல 2011 ஜனவரி 28 அன்னைக்கு சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொன்ன பொறகுதான் துளிகூட வெளிய விடாத முறை நெசமாவே வந்துச்சு. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்ஓ), ஆவியாக்கி, உப்பத் திரும்ப எடுக்கறது எல்லாம். இதுக்குப் பெருஞ்செலவு பண்ணி ஒழுங்கா நடத்தறவங்க நெறைய இருக்காங்க, அவங்களோட வேலை செஞ்சவ நான். திருட்டுத்தனமா ஒரு குழாய் போடறவன் ஊருக்கு மட்டும் துரோகம் பண்ணல, செலவு பண்ணி ஒழுங்கா ஓட்டற பக்கத்துப் பட்டறைக்காரருக்கும் துரோகம் பண்றான்.

ஆன்லைன் மீட்டர ஏமாத்தறது சுலபம். முனையத் தூக்கி ஒரு பக்கெட் நல்ல தண்ணியில போட்டுட்டா, கோடு நூல் புடிச்ச மாதிரி நேரா ஓடும். அப்பிடி ஒரு பக்கெட்ட நானே ஒரு எடத்துல பாத்திருக்கேன். உயிர் சென்சர இப்பிடி ஏமாத்தறது அவ்வளவு சுலபமில்ல. உயிர் இருக்கற எதுக்கும் கோடு நேரா வராது. சூட்டோட கொஞ்சம் ஏறும், ராத்திரிக் குளிருக்குக் கொஞ்சம் எறங்கும், ஊட்டற பம்ப் ஒவ்வொரு தடவ ஓடறப்பவும் சின்னதா ஒரு மேடு வரும். கோடு நேரானா ஒண்ணு செத்திருக்கணும், இல்லைன்னா ஆரோ கை வெச்சிருக்கணும். ரெண்டுக்கும் நேர்ல போய்ப் பாக்கணும்.

24 ஏப்ரல், காலை 8:00

ராசிபுரத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கார், சேகோ (ஜவ்வரிசி) பேக்டரித் தண்ணிக்கு இது ஆகுமான்னு. நொய்யல விட்டு வெலகிப் போகுதுன்னாலும் சொல்லியே ஆகணும், ஏன்னா எனக்குத் தெரிஞ்சு கொங்குல உயிர் சென்சருக்கு இதவிடப் பொருத்தமான எடம் இல்ல.

ஜவ்வரிசிக்கு அரைக்கற குச்சிக்கிழங்குல, அதான் மரவள்ளிக்கிழங்குல, லினமாரின்னு ஒரு பொருள் இருக்குது. கிழங்க அரைச்சா அது ஒடைஞ்சு சயனைடு வரும். தழையத் தின்ன ஆடு செத்துப் போறதும் இதனாலதான், கிழங்குக் காட்டுல ஆட்ட அவுத்து விடாதீங்கன்னு பெரியவங்க கத்தறதும் இதனாலதான். மாவு எறக்கின பொறகு வர்ற தண்ணி புளிச்சு, பிஎச் நாலு அஞ்சுக்கு வந்து நாறும். நாத்தத்தப் பாத்துட்டு ஊரே பிஓடியப் பத்திப் பேசும். சயனைடப் பத்திப் பேச ஆளில்ல.

சயனைடு என்ன பண்ணும்னா, செல்லுக்குள்ள ஆக்சிஜனப் பயன்படுத்தற என்சைமயே அடைச்சிரும். மூச்சு நிக்கும். அப்ப மூச்ச அளக்கற சென்சருக்கு இத விடச் சரியான விஷம் ஏது? சாதாரணமா பிஓடி ஏறினா மூச்சு வேகமாகும். சயனைடு மிஞ்சினா, சாப்பாடு நெறைய இருந்தும் மூச்சு மெதுவாகும். சாப்பாடு கூடியிருக்குதுன்னு ஒரு மீட்டர் சொல்லி, மூச்சு கொறைஞ்சிருக்குதுன்னு இன்னொண்ணு சொன்னா, அந்த முரண்பாடுதான் தகவல். அண்ணா, திருமணிமுத்தாத்துக்குப் போய்ச் சேர்ற ஓடையில ஒண்ணு வெச்சுப் பாருங்க. ஆடு மாடு அந்தத் தண்ணியில வாய் வெக்கற எடமாப் பாத்து வெய்ங்க.

24 ஏப்ரல், காலை 8:25

அதுலயே இன்னொண்ணு. சேலம், தருமபுரிப் பக்கம் புளோரைடுக்கு இது ஆகுமான்னும் கேட்டிருந்தீங்க. ஆகாதுங்க. அது பாறையில இருந்து வர்றது, ராத்திரிக்கு ராத்திரி மாறாது. போர் தண்ணிய வருஷத்துக்கு ரெண்டு தரம் லேபுல குடுத்தாப் போதும்.

2 மே, இரவு 9:30

சிப்பி, மீன் வெச்சுப் பாக்கறதப் பத்திப் பேச்சு வந்துச்சு.

1986 நவம்பர் 1ஆம் தேதி சுவிட்சர்லாந்துல பாசல் பக்கத்துல ஒரு மருந்துக் கிடங்கு எரிஞ்சுது. தீய அணைக்க அடிச்ச தண்ணியோட டன் கணக்குல பூச்சிமருந்து ரைன் ஆத்துல போய், ஆறு செவந்து, நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன் செத்து மெதந்துச்சு. கீழ இருந்த ஊர்க்காரங்களுக்குச் சேதி போய்ச் சேரறதுக்கு முன்னாடி விஷம் போய்ச் சேர்ந்துருச்சு. அதுக்குப் பொறகுதான் ரைன் கரையோரம் தண்ணிப்பூச்சி, சிப்பி, பாசி வெச்சு எந்நேரமும் கண்காணிக்கற நிலையமெல்லாம் வளர்ந்துச்சு. போலந்துல வார்சா நகரத்துக்குக் குடிதண்ணி எடுக்கற எடத்துல எட்டுச் சிப்பியோட ஓட்டுல சென்சர் ஒட்டியிருக்காங்க. தண்ணி கெட்டுச்சுன்னா சிப்பி ஓட்ட மூடிக்கும். ஒண்ணு மூடினாப் பரவால்ல, எல்லாம் சேர்ந்து மூடினா அலாரம்.

நம்ம ஊருக்கு இத அப்பிடியே கொண்டுவர முடியுமா? பவானிசாகருக்குக் கீழ குடிதண்ணி எடுக்கற எடங்கள்ல முடியும்னு நெனைக்கறேன். அந்த ஆத்துலயே மட்டி இருக்குது. நொய்யல்ல முடியாது, சிப்பி மொத நாளே மூடிட்டுத் தெறக்காது. ஜிலேபி மீன் வெச்சுப் பாக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். ஜிலேபி எந்தத் தண்ணியிலயும் பொழைக்கும், அது உயிரோட இருக்குதுங்கறது எதுக்கும் அத்தாட்சி இல்ல. கோயமுத்தூர்க் கொளங்கள்ல ஜிலேபி துள்ளறதப் பாத்துட்டு "தண்ணி நல்லாத்தான் இருக்குது"ன்னு சொல்றவங்கள நெறையப் பாத்துட்டேன். எனக்கு அதக் கேட்டா வயிறு எரியும். அயிரை இருக்குதான்னு கேளுங்க. அது இல்லைன்னா பேச்ச நிறுத்திக்கலாம்.

3 மே, காலை 6:50

நேத்து எழுதினதுக்கு ஒட்டி. பூச்சிமருந்துக்குத் தனியா ஒரு சென்சர் வகை இருக்குதுன்னு சொல்ல மறந்திருக்கக் கூடாது. அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ்ங்கற நரம்பு என்சைம ஒரு முனையில ஒட்டி வெப்பாங்க. ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்து பட்டா என்சைம் முடங்கும். பூச்சிய எப்பிடிக் கொல்லுதோ அதே வழி, அதனால ரொம்பக் கொறைஞ்ச அளவுலயே தெரியும். ஆனா ஒரு தடவ முடங்கினா பாஸ்பரஸ் மருந்து லேசுல விடாது. என்சைம் ஒட்டின பட்டைய மாத்தணும், இல்லைன்னா ஆக்சைம் மருந்து ஊத்தி மீட்கணும். ஆள் இல்லாத பொட்டிக்கு ஆகாது. வாழைக்கும் காய்கறிக்கும் மருந்தடிக்கற நாள்ல, பவானிக் கரையில நாமளே கையில பட்டை புடிச்சுப் பாக்கறதுக்கு நல்லது.

11 மே, இரவு 8:40

தம்பி கோவமா எழுதியிருக்கார்: "பதிவு கையில இருக்கு, நேரம் இருக்கு, எடம் இருக்கு. இத வெச்சே கேஸ் போட்டா என்னங்க்கா?"

கோவம் நியாயம். ஆனா 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21ஆம் பிரிவப் படிங்க. ஆலைக் கழிவுநீர் மாதிரிய எப்பிடி எடுக்கணும்னு அதுல இருக்குது. ஆலைக்காரருக்கு அறிவிப்புக் குடுத்து, அவர் இருக்கறப்ப எடுத்து, ரெண்டாப் பிரிச்சு, சீல் வெச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அந்த முறையில எடுக்காத மாதிரியோட முடிவு வழக்குல சாட்சியா நிக்காது. உங்க மில்லிவோல்ட் கோடு எவ்வளவு உண்மையா இருந்தாலும் அந்த எடத்துல நிக்காது.

அப்ப எதுக்குங்கறீங்களா? மூணு உபயோகம். ஒண்ணு, போர்டு ஆபீசர எந்த ராத்திரி, எந்த நேரம், எந்த ஓடைக்குக் கூப்பிடணும்னு தெரியும். வழக்கமா ராத்திரி ஒண்ணரைக்கும் மூணுக்கும் நடுவுல செவ்வாய், வெள்ளிதான் வருதுன்னு பதிவுல தெரிஞ்சா, அவங்க அந்த நேரத்துக்கு சீலோட வந்து நிக்கலாம். ரெண்டு, அலாரம் அடிச்ச நொடியில தானா பாட்டில்ல தண்ணி எடுத்துக் குளிர்ல வெக்கற ஆட்டோ சாம்ப்ளர இதோட இணைச்சா, என்ன ரசாயனம்னு மறுநாள் லேபுல தெரியும். யாரத் தேடறதுன்னு அதுலயே பாதி தெரிஞ்சிரும். சயனைடா, குரோமியமா, பிளீச்சிங்கா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தொழிலு. மூணாவது, மடைக்காரருக்குச் சேதி. தண்ணி வந்துட்டிருக்குது, வாய்க்கால அடைங்கன்னு. எனக்கு இந்த மூணாவதுதான் எல்லாத்தையும் விடப் பெருசு. கேஸ் வருஷக்கணக்குல நடக்கும். நொய்யல் ஆயக்கட்டுக்காரங்க நடத்தின வழக்கு உச்ச நீதிமன்றத்துல தீர்ப்பானது 2009ல. அந்தக் காலமெல்லாம் அந்தத் தண்ணி காட்டுல பாஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

12 அக்டோபர், காலை 7:30

மழைக்காலம் வந்துருச்சு, பழைய பேச்சத் திரும்ப எடுக்கறேன். "மழை பேஞ்சா தெறந்து விட்டுருவாங்க"ங்கறது இங்க எல்லார் வாயிலயும் இருக்கற பேச்சு. அத எப்பிடிப் பதிவுல பாக்கறது?

மழைத்தண்ணியில உப்பு இல்ல. மழை பெஞ்சு ஓடை பெருகினா கடத்துதிறன் கோடு சரசரன்னு எறங்கணும். தண்ணி மட்டம் ஏறியும் உப்புக் கோடு எறங்கலைன்னா, மழையோட வேற எதுவோ சேர்ந்து வருது. மட்டம் பாக்கற ஒரு அல்ட்ராசோனிக் முனைய பாலத்து அடியில மாட்டி, ரெண்டு கோட்டையும் ஒரே தாள்ல போடுங்க. மழைக்கால ராத்திரிக்கு இதவிட மலிவான காவல் எனக்குத் தெரியல.

12 அக்டோபர், இரவு 10:10

வெள்ளகோயில்ல இருந்து ஒரு பெரியவர் எழுதினது ரொம்பச் சரி: அணைக்குச் சுத்தியும் ஆத்துப் படுகையிலயும் பழைய உப்பு மண்ணுலயே ஏறிக் கெடக்குது, மொத மழையில அதுவே கரைஞ்சு வருமேன்னு. ஆமாங்க மாமா. அதோட ரோட்டு ஆயிலு, குப்பைமேட்டுச் சாறு எல்லாம் மொத மழையில சேர்ந்து வரும். உயிர் சென்சரும் அதுக்கு அலறும்.

ஆக, காலையில எழுதினதோட இதச் சேத்துக்கங்க. மொத மழையோட ஏத்தத்த வெச்சு ஆரையும் குத்தம் சொல்லக் கூடாது. மண்ணுல இருந்து வர்ற உப்பு மழை ஆரம்பிச்சதும் ஏறி, பெய்யப் பெய்யக் கொறைஞ்சுக்கிட்டே வரும், அடுத்தடுத்த மழைக்கு இன்னும் கொறையும். குழாயில இருந்து வர்றது அப்பிடி இல்ல. நடு மழையில திடீர்னு நட்டுக்கா ஏறும், கொஞ்ச நேரம் நிக்கும், வால்வு அடைச்சதும் நட்டுக்கா விழும். கூடவே பிஎச் ஏறியிருந்தா, தண்ணி சூடா இருந்தா, அது மண்ணு இல்ல. மண்ணுல இருந்து சுடுதண்ணி வராது.

20 அக்டோபர், மாலை 6:15

பாசி ஏறுதுங்கற பிரச்சினைக்கு யாரும் நல்ல வழி சொல்லல. எனக்குத் தெரிஞ்சத எழுதறேன். சாக்கடைத் தண்ணியில எந்த முனையும் சீக்கிரத்துல வழுவழுன்னு ஆயிரும். காத்தழுத்தத்துல ஊதற அமைப்பு, இல்லைன்னா துடைப்பான் வெச்ச முனை வாங்கலாம். அதோட மனுசனும் வேணும். வாரம் ஒருக்கா ஒரு ஆள் போய், முனையக் கழுவி, தெரிஞ்ச உப்புக் கரைசல்ல விட்டுச் சரிபார்த்து, நோட்டுல தேதி போட்டு எழுதணும். அந்த நோட்டு இல்லாத சென்சரோட பதிவ நான் ஒரு கூட்டத்துலயும் எடுத்துக் காட்ட மாட்டேன். பணம் ஒதுக்கறப்ப கருவிக்கு ஒதுக்கற அளவு அந்த ஆளோட சம்பளத்துக்கும் ஒதுக்குங்க. ஆயக்கட்டுல நெலம் இருக்கற ஆளா இருந்தா நல்லது. அவங்க காட்டுக்குப் போற தண்ணி, விட மாட்டாங்க.

அலாரம் போற போன் நம்பர் கொறைஞ்சது மூணு இருக்கணும். ஒரு மடைக்காரர், ஒரு லேப் ஆள், போர்டோட மாவட்ட அலுவலகம். ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கற ஆளோட நம்பரா இருக்கணும்.

2 நவம்பர், இரவு 9:05

தம்பி, ஒரே ஒரு பாலத்துக்கு அனுமதி கெடைச்சிருக்குதுன்னு எழுதினதப் பாத்து அவ்வளவு சந்தோசமுங்க. கேட்டதுக்குப் பதில்:

மொதல்ல கடத்துதிறன், பிஎச், சூடு, நீர்மட்டம் நாலும் மட்டும். இந்த மழையும் அடுத்த கோடையும் ஓடட்டும், தாளம் பிடிபடட்டும். உயிர் சென்சர அதே நேரத்துல லேப்ல வளர்த்துங்க, ஆத்துல வேண்டாம். தகடுக்கு கார்பன் ஃபெல்ட் (கம்பளி மாதிரி இருக்கற கார்பன் நார்த்துணி) வாங்குங்க, கிராபைட் கம்பி பரப்பு பத்தாது. ரெசிஸ்டர் 1,000 ஓம்ல ஆரம்பிங்க. கரண்டு நிலைக்கு வர்றதுக்குக் கொஞ்ச வாரம் ஆகும், நடுவுல அவசரப்பட்டுக் கசடக் கொட்டிராதீங்க. நிலைக்கு வந்ததும் ஊட்டற அசிடேட்ல கொஞ்சங் கொஞ்சமா உப்ப ஏத்தி, அது பழகற வரைக்கும் பாருங்க. நொய்யல் தண்ணிய மொதல்லயே காட்டினா மெரண்டுரும். உப்புக்குப் பழகின பொறகுதான் மத்த விஷத்துக்கு மட்டும் எறங்கும், நமக்கு அதுதான் வேணும். பொறகு ஒரு சொட்டு பிளீச்சிங் விட்டு, எத்தன நிமிஷத்துல கோடு எறங்குது, எத்தன மணியில திரும்ப ஏறுதுன்னு எழுதி வெய்ங்க. அந்த ரெண்டு எண்ணும் தெரியாம பாலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கசடுக்கு அலைய வேண்டாம். சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துல காத்து படாத தொட்டியோடதுதான் வேணும், எனக்கு அங்க கேட்டா குடுப்பாங்க. சனிக்கிழமை லேபுக்கு மூடி இறுக்கமா இருக்கற ரெண்டு லிட்டர் கேன் ஒண்ணு கொண்டு வாங்க. கழுத்து வரைக்கும் நெறைச்சுத் தர்றேன், வண்டியில வெயில் படாமக் கொண்டு போயிருங்க.